லேசருக்குப் போர்த்திய ஆரணிப் பட்டு

வாக்குத் தவறுகிறவர்களால் ஒரு வீட்டுக்கு வருகிற சேதத்தைவிட, வாக்கை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றுகிறவர்களால் வருகிற சேதம் ஜாஸ்தி. நான் இரண்டாவது ரகம். "சுவிட்சைத் தொட மாட்டேன்" என்று என் மருமகளுக்குச் சத்தியம் செய்தேன். தொடவில்லை. ஆனாலும் அந்த வருஷம் சரஸ்வதி பூஜையன்று எங்கள் வேங்கிக்கால் வீட்டில் நடந்ததற்கு வேறு யாரையும் கைகாட்ட முடியாது. (காட்டிப் பார்த்தேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.)

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பஸ் போர்டு படிப்பேன், கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போயிருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். இதை எழுத ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. எனக்கென்ன அவசரம்?

என் மருமகள் மலர்விழி கீழ்பென்னாத்தூர் பெண். வேர்க்கடலை போடுகிற குடும்பம். அவள் அப்பா சொந்த டிராக்டரில் ஊர் நிலத்தையெல்லாம் உழுது கொடுப்பார். கல்யாணம் ஆனபோதே அவள் சென்னையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். "லேசர், அத்தை" என்றாள். எனக்கு அது போதும். தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டம்மா தன் கண் புரையை எடுப்பாளா என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் மூத்திரக் கல்லுக்குக் கேட்டார்கள். நானும் கௌரவம் விடாமல், "இப்போ அவ பெரிய லேசர்ல இருக்கா. சின்னதெல்லாம் பார்க்கறதில்லை" என்று சொல்லி வைத்தேன்.

படிப்பு முடிகிற சமயத்தில் அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கூடவே ஒரு கறுப்புப் பெட்டியும் வந்தது. காலேஜில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு வரிசையில் காத்திருக்க வேண்டுமாம். அதனால் சொந்தமாகவே ஒன்று சேர்த்துக் கட்டியிருந்தாள். நடு ரூமில் மேஜைமேல் வைத்தாள். ஒரு பக்கத்துத் தகட்டைக் கழற்றி, காற்றுப் போக டேபிள் ஃபேனை அதைப் பார்க்க வைத்தாள். உள்ளே சின்னச் சின்ன ஃபேன்கள் வேறு. அது போடுகிற சத்தத்தில் கடலை மிஷின் பக்கத்தில் குடியிருக்கிற மாதிரியே இருந்தது.

"லேசர் எங்கம்மா?" என்றேன்.

"இதுக்குள்ள, அத்தை. கணக்கா இருக்கு."

"நிஜமா?"

"நிஜ லேசர் இல்லை. அவ்வளவு பெரிய வெளிச்சத்தை இன்னும் உலகத்துல யாரும் உண்டாக்கலை. உண்டானா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பார்க்கறேன்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இல்லாத விளக்குக்கா இத்தனை கரண்ட் பில்? ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தெருவில் சொல்லியாகிவிட்டதே.

அவள் பொறுமையாகச் சொன்னாள். எலக்ட்ரான் என்று ஒரு துளி இருக்கிறதாம், கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் அந்த வெளிச்சத்தை அடித்தால், வெளிச்சத்தின் வேகத்துக்குக் கிட்டத்தட்டத் தலைதெறிக்க ஓடுமாம். இன்னும் உக்கிரமாக அடித்தால், ஒன்றுமே இல்லாத வெறும் இடத்திலிருந்து ஒரு ஜோடி பிறக்குமாம்.

"ஒன்னுமே இல்லாத இடத்துலேர்ந்தா?"

"ஆமா அத்தை. ஒன்னு எலக்ட்ரான். இன்னொன்னு எல்லாத்துலயும் அதுக்கு நேர் எதிர்."

"ஜோடின்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன், பேப்பர் படித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து. அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார்.

"ஆனா வெளிச்சம் இருக்கற வரைக்கும் எதையும் நம்ப முடியாது அத்தை. ஜோடிங்க வர்ற மாதிரி இருக்கும், போயிடும். வெளிச்சம் அணைஞ்சப்புறம் எது மிச்சம் நிக்குதோ அதுதான் நிஜம். அதனால கணக்கு கடைசி வரைக்கும் ஓடணும். நடுவுல நின்னா ஒன்னுமில்லை."

அந்தக் கடைசிக் கணக்குதான் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நாளாக, ராத்திரி பகல் இல்லாமல். பூஜை முடிந்த அதே வாரத்தில் அவளுக்குப் பரீட்சை. பெரிய பேராசிரியர்கள் கம்ப்யூட்டரிலேயே வந்து கேள்வி கேட்பார்கள். அதில் தேறினால் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. பரீட்சை தள்ளிப்போனால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவள் தன் வாயால் இதைச் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போனதில் எனக்குத் தெரிந்தது. என் மகன் சேகரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அது ஐப்பசி நெருங்குகிற சமயம், அடைமழை. துணி காயவில்லை. பெட்டிக்குப் பின்னால் சூடாகக் காற்று வந்துகொண்டே இருந்தது. வீணாகப் போகிறதே என்று எங்கள் வீட்டுக்காரர் பனியனை அதன் தலையில் காயப்போட்டேன். மலர் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"அத்தை, பின்னாடி நாற்காலி போட்டுக் காய வைங்க. மேல போடாதீங்க."

சரியென்றேன். பனியன் மேலே போடக் கூடாது. மனசில் பதிந்துவிட்டது. பனியன்.

பூஜையன்று காலையில் மலர் அவள் அப்பா வீட்டுக்குக் கிளம்பினாள். டிராக்டருக்குப் பூஜை போடும்போது மகள் நிற்க வேண்டும் என்பது அவருக்கு ஆசை. சேகர் ஓசூரில் கம்பெனிப் பூஜையில் இருந்தான், சாயங்காலம்தான் வருவான். மலர் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"அத்தை, பொட்டிய உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். கரண்ட் போனா இன்வெர்ட்டர் பார்த்துக்கும். நீங்க சுவிட்சை மட்டும் தொடாதீங்க."

"நான் ஏம்மா தொடறேன்? சத்தியமாத் தொட மாட்டேன்."

"மாமா தொட்டா?"

"கையை ஒடிச்சுடறேன்."

சிரித்துக்கொண்டே போனாள். அவள் சிரித்துப் போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

நான் வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, அரிவாள்மனை, சுத்தியல், வண்டிச் சாவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மலரின் புத்தகங்களைச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி வைத்தேன். பெட்டியை ஒன்றும் செய்யவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். என் புத்தியில் அப்போது நல்ல நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு வசந்தா வந்தாள்.

வசந்தா என் நாத்தனார். அடி அண்ணாமலையில், மலை சுற்றுகிற பாதையில் சோடா, பிஸ்கட், கற்பூரம் விற்கிற சின்னக் கடை. எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் இடம் மாறியிருந்தாலும் அவள் கண்ணில் படும். உள்ளே வந்ததும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, அரிவாள்மனைக்கெல்லாம் பொட்டு வெச்சிருக்கீங்க. இந்தப் பொட்டி மட்டும் மொட்டையா உக்காந்திருக்கு?"

"அது ஓடிக்கிட்டிருக்கு வசந்தா. தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"ஓடுதா? இன்னிக்கா?" வசந்தா நெஞ்சில் கை வைத்தாள். "என் கடைத் தராசைக்கூடக் கவுத்து வெச்சுட்டு வந்திருக்கேன். ஏர் ஓட்டறவன் ஏரைச் சாத்தறான், பஸ்சு ஓட்டறவன் வாழமரம் கட்டறான். இந்த வீட்டுல பொட்டி வேலை செய்யுதாம். படிச்ச வீடுன்னா அப்படித்தான் போல."

படிச்ச வீடு என்றாள் பாருங்கள், அது குத்தியது. என் வீட்டுக்கு வழக்கம் தெரியாது என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போவதா? அதுவும் பிஸ்கட் விற்கிறவள்?

ஆனால் சத்தியம் செய்திருக்கிறேன். பெட்டியை நிறுத்த முடியாது. நிறுத்தாமலே மரியாதை செய்ய என்ன வழி என்று யோசித்தேன். எனக்கு யோசனை வருவது அபூர்வம். வந்தால் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

முதலில் சந்தனம், குங்குமம். நெற்றி எது என்று தெரியாததால் நாலு பக்கமும் வைத்தேன். கழற்றி வைத்த பக்கம் ஓட்டையாக அசிங்கமாக இருந்தது. அதன்மேல் சாமந்தி மாலையைத் தொங்கவிட்டேன். ஒரு வாழையிலைத் துண்டில் பொரி கடலை வைத்து அதன் தலையில் வைத்தேன். விளக்கேற்றினால் டேபிள் ஃபேன் காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். (அதன் சுவிட்சையும் தொடவில்லை. திருப்பத்தான் செய்தேன்.)

"புஸ்தகத்துக்குத் துணி போத்தறோமே அண்ணி, இதுவும் சரஸ்வதிதானே?" என்றாள் வசந்தா.

வேஷ்டித் துண்டைப் போர்த்தியிருந்தால்கூடப் பெட்டி பிழைத்திருக்கும். நான் பீரோவைத் திறந்து என் கல்யாணப் பட்டை எடுத்தேன். ஆரணிப் பட்டு, அரக்கு நிறம், கையகலச் சரிகை. வசந்தா கல்யாணத்துக்கு இரவல் கேட்டு நான் கொடுக்காத புடவை. அவள் கண்ணெதிரில் அதை நாலாக மடித்துப் பெட்டிக்குத் தலையோடு காலாகப் போர்த்தினேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமிதத்தை எழுத என் மூன்றாம் வகுப்பு போதாது. பனியன் ஞாபகம் வந்தது, பொய் சொல்லவில்லை. பனியனும் ஆரணிப் பட்டும் ஒன்றா என்று அந்த ஞாபகத்தை நானே அடக்கிவிட்டேன்.

கற்பூரம் காட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். வடையைக் கடித்துக்கொண்டிருந்தபோது பெட்டியின் சத்தம் மாறியது. கடலை மிஷின் சத்தம் போய், ஊளை மாதிரி ஏறிக்கொண்டே போனது. நடுவில் டக் டக்கென்று ஏதோ உடைபடுகிற சத்தம்.

"என்னடி அது?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

வசந்தா கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்ப் பார்த்தாள். புடவை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அண்ணி! சாமி வந்திருக்கு!"

நானும் பார்த்தேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் கற்பூரம் ஏற்றினேன். வசந்தா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பொரி வறுபடுகிற வாசனை வந்தது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் எச்சில் கையோடு வாசற்படியில் நின்று, "பொட்டிக்கு ஏண்டி சாமி வரப்போவுது? என்னமோ தீயுது பாரு" என்று கத்தினார். நம்பிக்கை இல்லாத மனுஷன் என்று நினைத்தேன்.

திடீரென்று எல்லாம் அடங்கிப்போனது. அந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து வீட்டில் அப்படி ஒரு நிசப்தம் இருந்ததில்லை. தெருவில் யாரோ பூசணிக்காய் உடைத்தது கேட்டது.

"பார்த்தீங்களா அண்ணி. சாமியே ஓய்வு கொடுத்துட்டார்" என்றாள் வசந்தா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சத்தியத்தையும் மீறவில்லை, வழக்கத்தையும் விடவில்லை. யாருக்கு வாய்க்கும் இது?

சாயங்காலம் மலர் வந்தாள். அப்பா வீட்டிலிருந்து சுண்டல் கொண்டு வந்திருந்தாள். நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"மலரு, உன் பொட்டி தானா ஓஞ்சு உக்காந்துடுச்சும்மா! நான் சுவிட்சைத் தொடவே இல்லை!"

அவள் சுண்டல் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பிறகு மாலையைக் கழற்றினாள். பிய்த்து எறிவாள் என்று எதிர்பார்த்தேன். பூ உதிராமல் கழற்றிச் சாமி படத்தில் போட்டாள். புடவையை எடுத்தாள், மடித்தாள். முந்தானைப் பக்கம் ஒரு இடம் சூட்டில் நிறம் மாறி இஸ்திரிப் பெட்டி வைத்த மாதிரி ஆகியிருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மறுபடி மடித்தாள். அப்புறம் பெட்டிக்குள்ளே கையை விட்டுப் பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"அத்தை, சுவிட்சைத் தொடலை இல்லே?"

"சத்தியமாத் தொடலைம்மா."

"சரி."

ஒரு பெண் கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அழுதால் சமாதானம் சொல்லலாம். இந்தச் 'சரி'க்கு நான் என்ன செய்வேன்? வசந்தா எப்போது செருப்பைப் போட்டாள், எப்போது ஷேர் ஆட்டோ ஏறினாள் என்றே தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "நீ சுவிட்சையே தொட்டிருந்தாலும் பரவாயில்லடி."

சேகர் வந்து பெயின்ட் பிரஷ்ஷை வைத்துச் சந்தனப் பொடியையும் பொரித் தூளையும் தட்டித் தட்டி எடுத்தான். மறுநாள் விஜயதசமி. காலையில் பெட்டிக்கு உயிர் வந்தது. எனக்கும் வந்தது. ஆனால் நான் நினைத்த மாதிரி, நின்ற இடத்திலிருந்து அது கிளம்பாதாம். எங்கே கடைசியாகச் சேமித்து வைத்ததோ அங்கிருந்துதான் போகுமாம். அடிக்கடி சேமித்தால் உள்ளே இடம் போதாது என்று அவள் எப்போதோ ஒரு முறைதான் சேமித்து வைத்திருக்கிறாள். போனது போனதுதான். பரீட்சைக்குள் கடைசியை எட்டாது.

அவள் சமையல்கட்டில் தண்ணீர் குடிக்க வந்தபோது கேட்டேன்.

"கொஞ்சம் எட்டி அடி வெச்சுப் போகச் சொல்லேன்மா. சீக்கிரம் முடிஞ்சுடுமே?"

அவள் என்னைப் பார்த்தாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"சரியான கேள்விதான் அத்தை. ஆனா முடியாது." தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "பௌர்ணமிக்கு நீங்க மலை சுத்தறீங்க. நான் வசந்தா சித்தி கடையில உக்காந்து பார்க்கறேன். கண்ணை மூடிக்கிட்டே இருந்துட்டு, நீங்க ஒரு சுத்து முடிச்சு கடைக்கு முன்னாடி வர்றப்போ மட்டும் கண்ணைத் தொறக்கறேன். என்ன தெரியும்?"

"நான் கடை முன்னாடி நிக்கறது தெரியும்."

"அடுத்த சுத்துலயும் அப்படியே தொறந்தா?"

"அப்பவும் நிக்கறேன்."

"அப்போ அத்தை இடத்தை விட்டு நகரவே இல்லைன்னுதானே எழுதுவேன்? நீங்க கால் வலிக்க மலையையே சுத்தியிருப்பீங்க. எலக்ட்ரானோட ஆட்டம் அதைவிட ரொம்ப ரொம்ப வேகம். அதனால அடிக்கடி கண்ணைத் தொறந்து பார்க்கணும். எட்டி அடி வெச்சா கணக்கு வரும். பொய்யா வரும்."

எத்தனையோ பௌர்ணமி சுற்றியிருக்கிறேன். என்னை அப்படிக் கடை முன்னால் மட்டும் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தோன்றியது. அதோடு, நானே இந்தப் பெண்ணைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தானே பார்த்திருக்கிறேன்? மற்ற நேரமெல்லாம் இவள் சுற்றிய மலை எது என்று நான் கேட்டதே இல்லை. லேசர் என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்ததோடு சரி.

பரீட்சை நாள் வந்தது. எத்தனை ஜோடி நிற்கிறது என்று பெட்டி போட்டுக் காட்டுகிற கோடு கடைசியை எட்டவில்லை. அந்தப் பாதிக் கோட்டோடு மலர் நடு ரூமில் உட்கார்ந்தாள். கதவுத் திரைக்குப் பின்னால் இருக்க எனக்கு அனுமதி. மூச்சுவிடலாம், இருமக் கூடாது. எங்கள் வீட்டுக்காரரை மாடிக்கு அனுப்பிவிட்டோம். அவர் தும்மினால் தெருக்கோடி வரை கேட்கும்.

எல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் குரல் புரிந்தது. முதலில் அவள் குரல் நடுங்கியது. போகப் போக நிமிர்ந்தது. திரை இடுக்கில் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஒரு கோடு ஏறி, இறங்கி, குதித்து, சட்டென்று அந்தரத்தில் நின்றது. அதுதான் என் கைங்கரியம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஒரு கனத்த குரல் ஏதோ கேட்டது. ஏன் நின்றது என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

கரண்ட் போச்சுன்னு சொல்லும்மா, என்று மனசுக்குள் கெஞ்சினேன். மழைக்காலம், யார் சந்தேகப்படப் போகிறார்கள்? சொல்லிடும்மா.

அந்த இங்கிலீஷ் நடுவே தெரிந்த முகம் மாதிரி இரண்டு வார்த்தை கேட்டது.

"ஆயுத பூஜை, சார்."

அப்புறம் அவள் சொல்லிக்கொண்டே போனாள். சந்தனம், மாலை, பொரி, பட்டு என்று நடுநடுவே தமிழ் வார்த்தை விழும்போதெல்லாம் நான் திரைக்குப் பின்னால் ஒரு சாண் குறைந்தேன். பிறகு கனத்த குரல் சிரித்தது. தமிழில் பேசியது.

"உங்க மாமியார் இருக்காங்களா? கூப்பிடுங்க."

நான் ஓடிவிடலாமா என்று பார்த்தேன். மலர் திரையை விலக்கி என் கையைப் பிடித்து இழுத்தாள். கம்ப்யூட்டர் முன்னால் எங்கே நிற்பது என்று தெரியாமல் ரொம்பக் கிட்டே போய்விட்டேன். அவர்களுக்கு என் மூக்குத்தி மட்டும்தான் தெரிந்ததாம்.

"வணக்கம்மா. ஏம்மா அதுக்குப் பட்டு போத்தினீங்க?"

"அன்னிக்கு எல்லாத்துக்கும் ஓய்வு கொடுக்கறது எங்க வழக்கம் சார். நிறுத்தக் கூடாதுன்னுட்டா. மரியாதையாவது பண்ணலாம்னு பார்த்தேன்."

"எங்க லேப்லயும் மிஷினுக்குப் பொட்டு வைக்கறோம்மா. தூரமா, ஸ்டாண்டுல வைப்போம்." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "இப்போ பாருங்க, இவங்க கோடு நின்ன இடத்துலதான் விடையே இருக்கு."

என் வாழ்க்கையில் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டது கிடையாது. (எங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.) அன்றைக்கும் அந்த வார்த்தை வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது.

"கோடு நின்னது என்னால சார். அது வரைக்கும் வந்தது அவளால. அதுக்கு மட்டும் மார்க்கு போடுங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "போங்கம்மா, பார்க்கறோம்" என்றார். நான் திரைக்குப் பின்னால் வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விதான் பெரியதாம். மலர் பின்னால் சொன்னாள். "கோடு நின்னுடுச்சு, சரி. இனிமே எப்படிப் போகும்னு நீ நினைக்கறே?" அவள் முன்பே முடித்து வைத்திருந்த கம்மி வெளிச்சக் கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, காரணம் சொல்லி, மிச்சக் கோட்டைத் தன் கையால் வரைந்தாள். வெளிச்சம் அணைந்த பிறகும் கொஞ்சம் நிற்கும், இவ்வளவு நிற்கும் என்று. பெட்டி முழுக் கோட்டையும் போட்டுக் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது, தானும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன் என்றாள். (என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாளோ என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.)

தேறினாள். ஆனால் முழுசாக இல்லை. மிச்சக் கணக்கை முடித்து அனுப்பினால்தான் பட்டம் என்றார்கள். பெங்களூர்க்காரர்கள் அதுவரை பொறுப்பதாகச் சொன்னார்கள். மறுபடி கடலை மிஷின் ஓடியது. நான் அந்த ரூமை எட்டி நின்று பெருக்கினேன்.

கார்த்திகை பிறந்து ஒரு காலையில், நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, "அத்தை, வாங்களேன்" என்றாள். கரண்டியோடு போனேன். கோடு வந்திருந்தது. ஏறிக் குதித்து ஆடி, வெளிச்சம் அடங்க அடங்க அதுவும் இறங்கி, தரையைத் தொட்டுவிடும் என்று நினைத்த இடத்தில் தொடாமல், ஒரு நூல் உயரத்தில் நேராகப் போயிற்று.

"நிக்குதும்மா" என்றேன்.

"நிக்குது அத்தை."

பக்கத்தில் அவள் அன்றைக்குக் கையால் வரைந்த கோடு இருந்தது. அது கொஞ்சம் உயரத்தில் போனது.

"நான் கொஞ்சம் ஆசைப்பட்டுப் போட்டுட்டேன்" என்று சிரித்தாள். பூஜையன்று காலையில் சிரித்துப் போனாளே, அந்தச் சிரிப்பு. அடுப்பில் தோசை கருகிற்று. அன்றைக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அவளும் சேகரும் பெங்களூரில். அவள் வேலை செய்கிற இடத்தில் ஒரு ரூம் முழுக்கப் பெட்டிகளாம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் போனில் முகம் காட்டி, "அத்தை, எல்லாத்துக்கும் போத்தணும்னா எத்தனை புடவை வேணும்?" என்று கேட்பாள். பிறகு என் கண்ணெதிரில் கதவுக்கு வெளியே, சுவரில் ஒரே ஒரு பொட்டு வைப்பாள். வசந்தா கடையில் கதை வேறு மாதிரி. அண்ணி வீட்டுப் பெட்டிக்குச் சாமி வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக மலை சுற்ற வருகிறவர்களிடம் சொல்லி, கூடவே கற்பூரமும் விற்றுவிடுகிறாள். அவள் சத்தியத்தில் நான் தலையிடுவதில்லை.

அந்தப் புடவையை நான் இன்னும் கட்டுகிறேன். சுட்ட இடம் உள்ளே போகும்படி மலர் மடித்துக் காட்டியது போலவே மடித்துக் கட்டுவேன். போன கார்த்திகை தீபத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். வழக்கம்போல விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மொட்டை மாடியில் இருட்டில் நின்றோம். உச்சியில் ஜோதி தெரிந்ததும் தெருவெல்லாம் ஒரே குரலாக எழுந்தது. அத்தனை பெரிய மலையில் ஒரு துளி வெளிச்சம். அணைந்த பிறகு எது மிச்சம் நிற்கும் என்று நினைத்துக்கொண்டே, கும்பிடுவதற்காக அந்தப் பட்டு முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்தினேன்.

எங்கள் வீட்டுக்காரர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"மலரு, உங்க அத்தைய இறுக்கிப் புடிச்சுக்கோ. மலைக்கும் போத்திடப் போறா."